என் ஐசியில் பிறந்தவனுக்கு

தம்பி,

இந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நீயும் தர்ஷினியும் கல்யாணப் படம் எடுக்கப் போகிற அந்தக் கலைக்கூடத்தை நினைத்து எனக்கு ஐந்து நாளாகக் கை நடுங்குகிறது. காபி கலக்கினால் பாதி மேசையில் கொட்டுகிறது. நேற்று நீகூடக் கேட்டாய், "என்னம்மா, பிரஷர் மாத்திர போட்டீங்களா இல்லையா?" என்று. போட்டேன் என்றேன். அது உண்மைதான், ஆனால் நடுக்கம் பிரஷரால் வந்ததில்லை. இன்று வியாழக்கிழமை. நீ வேலைக்குப் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு, உன் பழைய பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் மிச்சமிருந்த பக்கங்களில் எழுதுகிறேன். நேரில் சொல்லலாமே என்பாய். எனக்கு வாய் பெரிது, தைரியம் சின்னது. உன் முகம் கொஞ்சம் மாறினால் போதும், "மீன் வாங்கணும்" என்று பாதியில் எழுந்து போய்விடுவேன். நீ தமிழ்ப்பள்ளியில் படித்தவன், என் கோணல் எழுத்தை எப்படியும் படித்துவிடுவாய்.

போன சனிக்கிழமை ஆரம்பித்தது இது. தர்ஷினி பின் சீட்டில் இரண்டு சேலைகளைப் போட்டுக்கொண்டு காரில் குனோங் ராபாட்டில் நம் வீட்டுக்கு வந்தாள். "அத்தை, அந்த வெள்ளச் செவுத்துக்கு மெரூன் எடுக்குமா பச்சை எடுக்குமான்னு நேர்ல வெச்சுப் பாத்துடலாம் லா. பத்து மணி வெளிச்சந்தான் பெஸ்ட்டுன்னு கேமராக்காரர் சொன்னாரு" என்றாள். எனக்கும் குஷிதான். வரப்போகிற மருமகள் சேலை நிறம் கேட்டால் எந்த மாமியாருக்குத்தான் தலை கனக்காது? லகாட் தாண்டி கார் இடது பக்கம் திரும்பியபோதுதான் எங்கே போகிறோம் என்று புரிந்தது. அந்த முனை எனக்குத் தெரியும். இப்போது ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் தாமான் வரிசை வீடுகள். ஆனாலும் நானும் உன் அப்பாவும் வேலை செய்த தோட்டம் அதுதான். உனக்கு ஒரு வயசு ஆவதற்குள் அதைவிட்டு வந்தோம். அதற்குப் பிறகு பத்து காஜாவுக்குப் போவதென்றால்கூட வேறு வழியில் சுற்றிப் போகச் சொல்லி உன் அப்பாவிடம் சண்டை போடுவேன். நீ பின்னால் உட்கார்ந்து, "ஏன்மா சுத்திப் போறோம்?" என்பாய். அந்த ரோட்டில் குழி என்பேன். நல்ல ரோடு, தம்பி.

எங்கள் தோட்டத்தில் பால் நிறுக்கிற ஸ்டோர் இருந்த இடத்தில் இப்போது அந்தக் கட்டடம் நிற்கிறது. ஊர்க்காரர்களே கூடி, யார் யாரையோ பிடித்து, வரைகிறவர்களுக்கும் பார்க்கிறவர்களுக்கும் என்று கட்டியதாம். வெளியே பார்த்தால் செங்கல் சுவர், அவ்வளவுதான். உள்ளே கால் வைத்ததும் கண் கூசியது. ஜன்னல் என்று ஒன்று கிடையாது. கூரையை நீளநீளமாகக் கீறிக் கண்ணாடி பதித்திருக்கிறார்கள். வெளிச்சம் மேலேயிருந்து வெள்ளைச் சுவரில் வழிந்து தரைக்கு வருகிறது. ஒரு பக்கம் செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் இடையில் ஓட்டை விட்டுக் கட்டியிருக்கிறார்கள். அதன் வழியாக வெயில் தரையில் கோலப்புள்ளி வைக்கிறது. நடுவில் வானம் பார்த்த முற்றம், அதில் கணுக்கால் அளவு தண்ணீர். காற்றடித்தால் அந்தத் தண்ணீரின் ஒளி உத்திரத்தில் ஆடுகிறது. வந்தவர்கள் எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு மேலே பார்த்தார்கள். நான் ஒதுங்கி நிற்க நிழல் எங்கே என்று தேடினேன். ரப்பர் காட்டில் வெயில் கீழே இறங்காது. விடியும் முன்னே நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் சீவியவள் நான். இரண்டடிக்கு அப்பால் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. இங்கே என் கை நரம்பு, சேலை ஓரத்துச் சாம்பார்க் கறை எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம். எனக்கு இருந்தது.

இரண்டாவது கூடத்தில் அக்கம்பக்கத்துப் பெண்கள் வரைந்த படங்களை மாட்டியிருந்தார்கள். புதன்கிழமைதோறும் அங்கே வகுப்பு நடக்கிறதாம். முன்பு தோட்டத்தில் வேலை செய்தவர்கள், கேண்டீனில் பாத்திரம் கழுவுகிறவர்கள் எல்லாம் வந்து வரைகிறார்கள். சேவல், அம்மன் தேர், பால் வாளி என்று வரிசையாக இருந்தது. தர்ஷினி பச்சைச் சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு சுவர் சுவராக நின்று பார்த்தவள், ஒரு படத்தின் முன்னால் நின்று, "அத்தை, இங்க வாங்களேன்!" என்று கூவினாள். லயத்து வீட்டு வாசல். ஒரு பெண் மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருக்கிறாள். இன்னொருத்தி நின்றுகொண்டு அவளிடம் ஒரு நீல அடையாள அட்டையை நீட்டுகிறாள். பெண்கள் இரண்டு பேருக்கும் கண் மூக்கு எதுவும் வரையவில்லை. குழந்தைக்கு மட்டும் எல்லாம் இருந்தது, கன்னத்து மைப்பொட்டு வரைக்கும். "இந்த பேபியோட காதப் பாருங்க. வலது காது மேல மடங்கி, அப்படியே ஒங்க மகன் காது மாதிரியே இருக்கு லா!" என்று சிரித்தாள். படத்துக்குக் கீழே 'ஐசி' என்று தலைப்பு. வரைந்தவர் லெச்சுமி.

அந்தப் பெயரை நான் இரண்டு தடவை படித்தேன். தர்ஷினி படத்தைப் போனில் பிடித்துவிட்டு, "இப்ப அனுப்ப மாட்டேன், சர்ப்ரைஸா இருக்கட்டும். ஞாயித்துக்கெழம அவர இதுக்குப் பக்கத்துல நிக்க வெச்சு ஒண்ணு எடுத்துடலாம், காதும் காதும்!" என்றாள். "பச்சதான் நல்லா இருக்கு, வா போலாம்" என்று அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். பச்சை நன்றாகவே இல்லை. மெரூனைக் கட்டச் சொல்.

இனி இழுக்க மாட்டேன். அந்தக் குழந்தை நீ. மடியில் வைத்திருப்பவள் லெச்சுமி, உன்னைப் பெற்றவள். அட்டையை நீட்டுகிறவள் நான். இதை எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தேன். வீடு இடிந்து விழவில்லை. பக்கத்து வீட்டு நாய் குரைக்கிறது, யாரோ கேஸ் சிலிண்டர் இறக்குகிறார்கள்.

லெச்சுமி எங்களுக்கு அடுத்த வீடு. லயத்தில் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். என்னைவிட இரண்டு வயசு சின்னவள். அவளுக்கு ஐசி கிடையாது. தோட்டத்திலேயே பிறந்தவள்தான்; பெற்றவர்கள் பதியாமல் விட்டுவிட்டார்கள், பிறகு அவர்களும் போய்ச் சேர்ந்தார்கள். ஐசி இல்லாத ஆளுக்கு இங்கே என்ன மரியாதை என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாலாய் என்று போலீஸ் ஸ்டேஷன் பேச்சை யாராவது எடுத்தாலே வாசலில் நிற்கிறவள் உள்ளே ஓடிவிடுவாள். கோயிலில் தாலி கட்டியவன் கேமரன் மலைப் பக்கம் வேலைக்குப் போனான், போனவன் போனவன்தான். அவளுக்கு வயிற்றில் ஏழு மாசம். எனக்கோ கல்யாணமாகி ஏழு வருஷம், மூன்று முறை தங்காமல் போயிருந்தது. ஒரு சாயந்திரம் அவள் வந்து, "அக்கா, எனக்குப் பொறக்கிறதும் என்ன மாதிரியே காயிதம் இல்லாம அலையுமா?" என்று கேட்டாள். நான் உள்ளே போய் என் ஐசியை எடுத்து வந்து கொடுத்தேன். பெரிய மனசு என்று நினைக்காதே. சீனி இல்லை என்று வந்தால் கொடுப்போமே, அப்படித்தான் கொடுத்தேன். அப்போது நீ வயிற்றில்; படத்தில்தான் உன்னை மடியில் சேர்த்து வரைந்திருக்கிறாள். பழைய ஐசிப் படத்தில் யார் முகமும் யார் முகமாகவும் இருக்கும். இரண்டு பேரும் கறுப்பு, ஒல்லி, எண்ணெய் வைத்த கொண்டை. அவள் என் பெயரைச் சொல்லி ஆஸ்பத்திரியில் படுத்தாள். உன் அப்பா தகப்பன் என்று கையெழுத்துப் போட்டார். உன் சூராட் பெரானாக்கில், அந்தப் பிறப்புப் பத்திரத்தில், தாயார் பெயர் என்று என் பெயர் விழுந்தது. காயிதம் என் பேரில், பிள்ளை அவள் கையில், இதுதான் பேச்சு. பதினொரு மாசம் அப்படித்தான் நடந்தது. அவளிடம் பால் குடித்தாய். குளிப்பாட்டிப் பவுடர் போடுவது மட்டும் நான்.

அப்புறம் தோட்டம் கைமாறியது. வீட்டைக் காலி பண்ணுங்கள் என்றார்கள். ஜனம் திசைக்கொன்றாகச் சிதறியது. உன் அப்பாவுக்கு ஈப்போவில் வேலை கிடைத்தது, லெச்சுமிக்குத் தூரத்தில் ஒரு காய்கறித் தோட்டத்தில். புறப்படுகிற அன்று காலை அவள் துணி மூட்டையோடு வந்து கையை நீட்டினாள். நான் உன்னைக் குளிப்பாட்டி, மைப்பொட்டு வைத்து, இடுப்பில் வைத்திருந்தேன். எனக்குள் எது புகுந்ததோ தெரியவில்லை. "காயிதத்துல இவன் எம் புள்ள. வேணும்னா வா, பாலாய்க்கே போலாம். ரெண்டு பேரும் ஐசியக் காட்டுவோம். ஒன்னோடத எடுத்துக்கிட்டு வா" என்றேன். அவளிடம் எது இல்லை, அவள் எதற்குப் பயப்படுவாள் என்று தெரிந்தே சொன்னேன். அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. உன்னையே பார்த்துக்கொண்டு நின்றாள், லாரிக்காரன் ஹாரன் அடித்ததும் போய் ஏறிக்கொண்டாள். உன் அப்பா உள்ளே கட்டிலைக் கழற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அன்று ஒன்றும் பேசவில்லை. சாகிற வருஷம்தான் பேசினார். "அவன்கிட்ட சொல்லிடு" என்றார். சரி என்றேன். அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது.

இந்த முப்பத்து மூன்று வருஷத்தில் நான் பயப்படாத நாளை விரல் விட்டு எண்ணிவிடலாம். உனக்குப் பன்னிரண்டு வயசில் ஐசி எடுக்கப் போனோமே, கவுண்டரில் இருந்த அம்மா உன்னையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். எனக்கு முதுகெல்லாம் வேர்த்துவிட்டது. கடைசியில் உன் சட்டைக் காலரைச் சரி பண்ணச் சொன்னாள். நீ டெங்கியில் படுத்தபோது நர்ஸ் ரத்த குரூப் என்று சொன்ன உடனே பாத்ரூமுக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டேன். பிள்ளை பிழைப்பானா என்று மட்டும் துடிக்க வேண்டிய நேரத்தில் ரகசியம் பிழைக்குமா என்றும் துடித்தேன். அதற்காக என்மேல் எனக்கே இன்னும் வெறுப்பு. இப்போது நீ கல்யாணப் பதிவுக்கு விண்ணப்பம் கொடுத்திருக்கிறாய். சட்டம் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் பயம். உன் ஐசியைப் பிடுங்கிக்கொள்வார்களோ, உன்னையும் வரிசையில் நிற்க வைத்துவிடுவார்களோ என்று ராத்திரியெல்லாம் எண்ணிக்கொண்டு கிடக்கிறேன். நீ என்ன செய்தாலும் முதலில் விவரம் தெரிந்த வக்கீல் ஒருவரைப் பார். இந்தத் தாளை அதற்கு முன்னால் வேறு யார் கையிலும் கொடுக்காதே. தர்ஷினியிடம் மட்டும் காட்டு.

நேற்று புதன்கிழமை. மார்க்கெட்டுக்குப் போவதாக உன்னிடம் சொல்லிவிட்டு, டாக்சி பிடித்துக் கலைக்கூடத்துக்குப் போனேன். போனது எதற்கு என்று கேள். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாளைக்கு அந்தப் படத்தைக் கழற்றி வைக்கச் சொல்ல! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவளுக்கு அந்தப் புத்தி எங்கே போகும்? வாசல் மேசையில் இருந்த மலாய்ப் பெண் நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வரைந்தவரையே கேட்டுவிடுங்கள் மக்சிக், பின்னால்தான் இருக்கிறார்" என்று மலாயில் சொன்னாள். அப்படியே திரும்பி ஓடிவந்திருப்பேன், அதற்குள் அவள் முன்னால் நடந்து வழி காட்டிவிட்டாள். பின்பக்கக் குழாயடியில் ஒருத்தி குந்தி உட்கார்ந்து பிரஷ் கழுவிக்கொண்டிருந்தாள். முதுகைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. சத்தம் கேட்டுத் திரும்பினாள். என்னைப் பார்த்துக்கொண்டே எழுந்தாள்.

"அக்கா, நரைச்சிருச்சே ஒங்களுக்கு" என்றாள். வேறு என்னென்னவோ எதிர்பார்த்துப் போயிருந்தேன். "அந்தப் படம்..." என்று இழுத்தேன். "ஞாயித்துக்கெழம அவன் இங்க வாரான், லெச்சுமி. கல்யாணப் படம் எடுக்க."

அவள் குழாயை மூடினாள். "என்ன ஒயரம் இருப்பான்?" என்றாள்.

நான் கையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினேன். அவள் அந்த உயரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குத் தோள் வலித்தது, ஆனாலும் கையை இறக்க மனசு வரவில்லை. பிறகு அவளே, "எறக்கிடுங்கக்கா, கை வலிக்கும்" என்றாள். "படத்தையும் நான் எறக்கி வெச்சிடறேன். தாப்பா லா, பரவால்ல. அவன் பேரு எங்கயும் போடல, யாருகிட்டயும் ஒரு வார்த்த சொன்னதுல்ல."

நான் கேட்க வந்தது கேட்காமலே கிடைத்துவிட்டது. சந்தோஷமாகத் திரும்பியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக அங்கேயே நின்றேன். "அன்னிக்கு பாலாய்னு மெரட்டிட்டேன் ஒன்ன" என்றேன். முப்பத்து மூன்று வருஷத்துக்கு அப்புறம் இதைத்தான் சொல்ல முடிந்தது.

லெச்சுமிக்குச் சிரிப்பு வந்தது, தம்பி. நல்ல சிரிப்பு இல்லை. "அதுக்குப் பயந்தா போனேன்னு நெனச்சீங்க? பாலாய்னா எனக்குப் பயந்தான். ஆனா புள்ளைக்காக அங்கயும் வந்திருப்பேன். வந்து என்ன சொல்ல? இவன் எம் மவன், அந்தக் காயிதம் பொய்யின்னு சொல்லணும். சொன்னா அவனுக்கும் காயிதம் போச்சு. அப்புறம் என்ன மாதிரி அவனும் போலீசக் கண்டா ஓடணும். அதுக்குத்தான் லாரில ஏறுனேன். அதுக்குத்தான் பத்து காஜாவுல வந்து குடியிருந்தும் ஒங்க வீட்டத் தேடி வரல" என்றாள். அவளுக்கு ஐம்பது வயசுக்கு மேல்தான் ஐசி கிடைத்ததாம். பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். அதில் இருந்தது அவள் முகம்தான், அவள் பெயர்தான். நான் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். என் விரல் வேர்வை அதில் பட்டுவிட்டது, அவள் சேலையில் துடைத்துப் பத்திரமாக உள்ளே வைத்துக்கொண்டாள்.

என் மிரட்டலுக்கு அவள் பயந்தாள் என்றே இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். கெட்டவளாக இருந்தாலும் ஜெயித்தவள் என்று ஒரு மூலையில் எனக்கு நினைப்பு இருந்தது. நான் ஜெயிக்கவே இல்லை. அவள் உன்னைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். நான் எதற்கு நடுங்கி நடுங்கிக் காவல் காத்தேனோ, அதையேதான் அவளும் வேறொரு ஊரில் உட்கார்ந்து காத்திருக்கிறாள். படத்தைக் கழற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவள் நம்பினாளோ என்னவோ தெரியவில்லை.

கல்யாணம் பண்ணப் போகிறவனுக்கு அம்மா ஏதாவது புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். என்னிடம் இருப்பது ஒன்றுதான், அதையும் கெட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஒரே வீட்டில் இருந்தால் ஒருத்தர் பயம் ஒருத்தருக்குத் தெரிந்துவிடும். தர்ஷினி எதற்கு நடுங்குவாள் என்று ஒரு வருஷத்தில் உனக்குத் தெரிந்துவிடும். உன் பயம் அவளுக்கு ஆறு மாசத்திலேயே தெரியும், அவள் கெட்டிக்காரி. சண்டை வரும், வராமல் இருக்காது. தட்டை எறி, கத்து, ரெண்டு நாள் பேசாமல் இரு, பரவாயில்லை. அவள் பயத்தை மட்டும் கையில் எடுக்காதே. எடுத்தால் அந்த நிமிஷம் நீ சொன்னது நடக்கும், ஆனால் அதற்குப் பிறகு நீ நிம்மதியாகத் தூங்க மாட்டாய். உன்னை வளர்த்த ஒவ்வொரு நாளும் எனக்குச் சந்தோஷம்தான், அதில் பொய் இல்லை. அந்தச் சந்தோஷத்தை ஒரு நாள்கூட முழுசாக அனுபவிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. நீ முதல் முதலில் அம்மா என்று கூப்பிட்டபோதுகூட, வாசலில் யாராவது கேட்டுவிட்டார்களா என்றுதான் திரும்பிப் பார்த்தேன்.

உனக்குக் கோபம் வரும். வரட்டும். யாருக்காகவும் அதை அடக்கிக்கொள்ளாதே. நான் மன்னிப்புக் கேட்கிறேன், ஆனால் உடனே கொடு என்று கேட்கவில்லை. வீட்டைவிட்டுப் போகாதே என்று கெஞ்சத் தோன்றுகிறது; அதையும் எழுதிவிட்டேன் பார், புத்தி போகவில்லை.

பாதபூஜைக்கு மேடையில் யார் யாரை உட்கார வைப்பது என்று போன வாரம் கேட்டாய். அப்பா இல்லாததால் சித்தப்பாவை என் பக்கத்தில் உட்கார வைக்கலாம் என்று நானும் தலையாட்டினேன். சித்தப்பா கீழே முதல் வரிசையில் உட்காரட்டும். அந்த நாற்காலியில் லெச்சுமி உட்கார வேண்டும். நான் கூப்பிட்டால் அவள் வரமாட்டாள், நீ போய்க் கூப்பிட வேண்டும். யார் அந்த அம்மா என்று மண்டபத்தில் எல்லாரும் கேட்பார்கள். அதை நினைத்தால் இப்போதே எனக்கு நாக்கு வறண்டுபோகிறது. நீ அவள் காலைக் கழுவும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க என்னால் முடியுமா என்றும் தெரியவில்லை. இதையெல்லாம் படித்த பிறகு, ஒரு நாற்காலி போதும் என்று நீ முடிவு செய்தால், அதை அவளுக்குப் போடு. நான் பந்தியில் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன். உன்னைப் பார்க்க முடிகிற பக்கமாக ஒரு வரிசை எனக்குக் கொடுத்தால் போதும்.

அம்மா